ஸார்லூயி: கொடி மாறுச்சு, பேரு மாறுச்சு, முடிவெடுக்கிறவன் மட்டும் எப்பவும் வெளியூர்க்காரன்

1815 டிசம்பர், பாரிஸ்ல ஒரு கேஸ் நடக்குது. கூண்டுல நிக்கிறவரு மிஷேல் நே, நெப்போலியனோட மார்ஷல், ரஷ்யாவுல இருந்து படை தோத்து திரும்பி வரும்போது கடைசி வரிசையில நின்னு அடிவாங்கிட்டே மத்தவங்கள காப்பாத்தி கூட்டிட்டு வந்தவரு. புது ராஜாவுக்கு சத்தியம் பண்ணி கொடுத்துட்டு திரும்பவும் நெப்போலியன் பக்கம் சாஞ்சுட்டாருன்னு தேசத்துரோக வழக்கு. தலை போறது உறுதின்னு தெரிஞ்சுபோன வக்கீல் கடைசியா ஒரு பாயிண்ட்ட எடுத்தாரு. என் கட்சிக்காரர் பொறந்தது ஸார்லூயி, அந்த ஊரு போன மாசம் 20ஆம் தேதி கையெழுத்தான ஒப்பந்தத்துல பிரஷ்யாங்கிற ஜெர்மன் ராஜ்யத்துக்கு போயிடுச்சு, அப்போ இவரு பிரெஞ்சு பிரஜையே கிடையாது, இந்த சபை இவர எப்படி விசாரிக்கலாம்னு கேட்டாரு. நல்ல பாயிண்ட்டுதான், ஆனா நே எந்திரிச்சு வக்கீல தடுத்துட்டாரு. நான் பிரெஞ்சுக்காரன், பிரெஞ்சுக்காரனாவே சாவேன்னு சொல்லிட்டாரு. டிசம்பர் 7ஆம் தேதி காலையில சுட்டுட்டாங்க.

உயிர் தப்பிக்கவே யூஸ் ஆகற அளவுக்கு எந்த நாடுன்னு குழப்பமா இருந்த இந்த ஊரு இன்னிக்கு ஜெர்மனியோட மேற்கு ஓரத்துல, ஸார்லாந்து மாநிலத்துல இருக்கு. மக்கள் தொகை சுமார் 35 ஆயிரம், நம்ம கணக்குல ஒரு சின்ன நகராட்சி. பக்கத்துலயே பிரான்ஸ் எல்லை, டீ ஆறதுக்குள்ள கார்ல போயிடலாம். ஸார்லூயி, ஸார்-லீப்ர், திரும்ப ஸார்லூயி, ஸார்லௌட்டர்ன், மறுபடியும் ஸார்லூயின்னு ஊருக்கே நாலு தடவ பேரு மாத்தியிருக்காங்க. இதுல ஒரு தடவ கூட ஊர்க்காரங்கள கேட்டு மாத்தலைங்கிறதுதான் என் பாயிண்ட்டு. பேரு மட்டுமா, இங்க என்ன வேலை கிடைக்கும், யாருக்கு கிடைக்கும், எது எப்ப மூடும்ங்கிறதும் அப்படித்தான், வெர்சாய்ல, பெர்லின்ல, ஜெனீவாவுல, கடைசியா அமெரிக்காவுல ஃபோர்டு கார் கம்பெனியோட தலைமை ஆபீஸ் இருக்கிற டியர்போர்ன்ல உக்காந்திருக்கிறவங்க கணக்குப் பாத்து முடிவு பண்ணதுதான்.

ஆரம்பமே அப்படித்தான். 1680க்கு முன்னாடி இங்க ஊரே கிடையாது, ஸார் ஆத்தங்கரை சதுப்பு நிலம் அவ்வளவுதான். லொரைன் பகுதிய கையில வச்சிருந்த பதினாலாம் லூயி, கிழக்கு பக்கம் ஒரு பூட்டு வேணும்னு நினைச்சு கோட்டை கட்ட சொல்லிட்டாரு. பிளான் போட்டது வோபான், அந்த காலத்துல ஐரோப்பாவுலயே பெரிய கோட்டை இன்ஜினியர், கூடவே தோமா த ஷுவாசி, இவருதான் அப்புறம் ஊருக்கு முதல் கவர்னரும். ஆறு முனை உள்ள கோட்டை, நடுவுல சதுரமா பரேட் மைதானம், தெருவெல்லாம் ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி. இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது அந்த மதகுப் பாலம். பாக்க சாதாரண கல் பாலம், ஆனா எதிரி வந்தா பாலத்துக்கு அடியில இருக்கிற வளைவுகள அடைச்சிடலாம், ஆத்துத் தண்ணி எதுத்துகிட்டு ஏறி சுத்துப்பட்டு வயல் மொத்தமும் முழுகிடும், பீரங்கி வண்டி ஒண்ணும் கிட்ட வர முடியாது. பாசனத்துக்கு மதகு வைப்பாங்க, இவங்க வயல முழுக்கடிக்கவே மதகு வச்சிருக்காங்க.

கோட்டை கட்டியாச்சு, உள்ள ஆளு வேணுமே? கொஞ்ச தூரத்துல வாலர்ஃபாங்கன்னு ஒரு பழைய டவுன் இருந்துச்சு. அந்த ஜனங்கள மூட்டை கட்டி கோட்டைக்குள்ள குடியேறச் சொல்லி, பழைய டவுன இடிச்சே போட்டாங்க. 1683ல லூயி நேர்லயே வந்து பாத்துட்டு ஊருக்கு ஒரு சின்னம் கொடுத்தாரு, மேகத்த கலைச்சுட்டு எழுந்திரிக்கிற சூரியன், மேல மூணு லில்லி பூ. கலைக்கும், இதமும் தரும்னு லத்தீன்ல ஒரு வாசகம். வாலர்ஃபாங்கன் ஜனங்களுக்கு முதல் பாதி நல்லாவே புரிஞ்சிருக்கும். இன்னிக்கும் நகராட்சி சின்னம் அதேதான்.

1697ல ரைஸ்விக் ஒப்பந்தம் வருது. ஒன்பது வருஷ சண்டை முடிஞ்சு யார் யாரு எத எத திருப்பிக் கொடுக்கணும்னு பேரம். லொரைன அதோட டியூக்கிட்ட திருப்பிக் கொடுத்த பிரான்ஸ் ஸார்லூயிய மட்டும் விடல, அதனால சுத்தி வேற ஆளோட நிலம், நடுவுல பிரெஞ்சு தீவு மாதிரி இந்த ஊரு நின்னுச்சு. இதே ஒப்பந்தத்துலதான் 1693ல டச்சுக்காரங்க புடிச்சு வச்சிருந்த நம்ம புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரங்க கைக்கு திரும்ப வந்துச்சு. புதுச்சேரிக்கும் ஸார்லூயிக்கும் நேரடியா ஒரு சம்பந்தமும் இல்ல, ஆனா ஒரே பேப்பர்ல ரெண்டு ஊரோட தலையெழுத்தும் ஓடியிருக்கு.

இப்ப தொழில் பக்கம் வருவோம், ஏன்னா இந்த ஊர புரிஞ்சுக்க இதுதான் சாவி. கோட்டை ஊருக்கு தொழில்னா பட்டாளம்தான். சிப்பாய்க்கு ரொட்டி, சாராயம், செருப்பு, குதிரைக்கு லாடம், இதுல ஓடுற பொழப்பு. நேவோட அப்பாவே பழைய சிப்பாய், அப்புறம் பீப்பா செய்யிற தொழில் பண்ணவரு, பட்டாளம் இருக்கிற ஊர்ல பீப்பாக்கு பஞ்சமா என்ன. ஆனா பெரிய ஆலைன்னு எதுவும் மதிலுக்குள்ள வரல, இடமும் இல்ல. இரும்பு ஆலை ஆத்துக்கு அந்தப்பக்கம் டில்லிங்கன்ல வந்துச்சு. 1685ல லூயியோட அனுமதியில ஒரு பிரபு ஆரம்பிச்ச அந்த பட்டறைதான் இன்னிக்கும் ஓடுற டில்லிங்கர் ஸ்டீல் ஆலை. 340 வருஷம்! நடுவுல நெப்போலியன் காலத்துல 1809லயே பங்கு கம்பெனியா மாறிடுச்சு, ஜெர்மன் மண்ணுல ரொம்ப ஆரம்பத்துல வந்த பங்கு கம்பெனிகள்ல அதுவும் ஒண்ணு.

பிரெஞ்சுப் புரட்சி வந்தப்ப லூயிங்கிற பேரே ஆகாதுன்னு 1793ல ஸார்-லீப்ர்னு மாத்தினாங்க, அதாவது சுதந்திர ஸார். 1810ல நெப்போலியன் ஆட்சியிலயே பழைய பேரு திரும்பிடுச்சு. அப்புறம் வாட்டர்லூவுல நெப்போலியன் தோத்தாரு, அப்புறம் அந்த நவம்பர் 20 ஒப்பந்தம், ஊரு பிரஷ்யாவுக்கு. பிரெஞ்சுப் படை காலி பண்ணிட்டு போறப்ப லாக்ருவாங்கிற காவலாளிய மட்டும் மறந்துட்டு போயிட்டதாவும், அந்த ஆளு யாரும் வந்து மாத்திவிடலையேன்னு அதே இடத்துல நின்னுகிட்டே இருந்ததாவும் ஊர்ல ஒரு கதை உண்டு. நடந்துச்சோ இல்லையோ, ஊரோட நெலமைக்கு பொருத்தமான கதை.

பிரஷ்யாக்காரங்களுக்கும் அதே கோட்டைதான், பீரங்கிய மட்டும் எதிர்ப்பக்கம் திருப்பிகிட்டாங்க. இங்கதான் ஊருக்கு பெரிய அடி. பத்தொன்பதாம் நூற்றாண்டுல ஸார் பள்ளத்தாக்கு முழுக்க நிலக்கரி, இரும்பு, ரயிலுன்னு கொதிச்சிட்டு இருக்கு, ஸார்லூயி மட்டும் மதிலுக்குள்ள அடைஞ்சு கெடக்கு. பிரஷ்ய கோட்டை சட்டப்படி மதிலுக்கு வெளிய குண்டு பாயிற தூரத்துக்குள்ள கல் கட்டடம் கட்ட சுலபத்துல விடமாட்டாங்க, கட்டினா மரத்துல கட்டணும், சண்டைன்னு வந்தா உடனே பிரிச்சுப் போடவோ கொளுத்தவோ வசதியா. இப்படி இருந்தா எவன் வந்து பாக்டரி வைப்பான்? 1858ல ரயில் வந்தப்பவும் ஸ்டேஷன் ஆத்துக்கு அந்தப்பக்கம் ரோடன்லதான் வந்துச்சு, இப்பவும் ஸார்லூயி மெயின் ஸ்டேஷன்ல இறங்கினா டவுனுக்கு ஆத்த தாண்டித்தான் வரணும்.

சுத்தி மட்டும் எல்லாம் வளந்துச்சு. கோட்டைக்காக இடிச்சுப் போட்ட அந்த வாலர்ஃபாங்கன்ல 1791ல நிக்கோலா வில்லெராய் பீங்கான் ஆலை ஆரம்பிச்சாரு, 1836ல போக் குடும்பத்தோட சேந்து வில்லெராய் அண்ட் போக் ஆச்சு, பெரிய பாத்ரூம் ஷோரூம்கள்ல விலைய பாத்து பயந்து நகந்துடுவோமே, அதே பிராண்டுதான். என்ஸ்டோர்ஃப் பக்கம் நிலக்கரி. அந்த கரி எங்க எங்க ஓடுதுன்னு நெப்போலியன் காலத்துல மேப் போட்டவங்கள்ல ஒருத்தரு துயமேல்ங்கிற பிரெஞ்சு சுரங்க இன்ஜினியர். மேப்ப பிரெஞ்சுக்காரன் போட்டான், கரிய பிரஷ்யாக்காரன் வெட்டினான். ஸார்லூயி தன் பங்குக்கு இன்னும் பட்டாளத்துக்கு ரொட்டி சுட்டுகிட்டு இருந்துச்சு.

1889ல கோட்டை அந்தஸ்த எடுத்துட்டு மதில இடிக்க ஆரம்பிச்சாங்க. பீரங்கி தொழில்நுட்பம் எங்கயோ போயிடுச்சு, வோபான் மதில் எல்லாம் இனி காட்சிப் பொருள்தான். ஆனா அதுக்குள்ள நல்ல தொழில் வாய்ப்பு எல்லாம் அக்கம்பக்கத்து ஊருக்கு போயாச்சு, கல்யாணம் முடிஞ்சப்புறம் மேளம் வந்த கதை. மதிலுக்குள்ள இருந்த குண்டு தாங்கும் கல் அறைகள்ல இப்ப ஓட்டலும் பாரும் நடக்குது. சொல்ல மறந்துட்டேன், இந்த பிரஷ்ய பட்டாள காலத்துல 1870ல இங்க இன்னொரு தளபதி பொறந்தாரு, லெட்டோ-ஃபோர்பெக், முதல் உலகப்போர்ல கிழக்கு ஆப்பிரிக்காவுல ஜெர்மன் படைய நடத்தினவரு. 1914 நவம்பர்ல டாங்கா துறைமுகத்துல இறங்கின பிரிட்டிஷ் இந்தியப் படைய அடிச்சு விரட்டினது இவருதான், அதுல 63ஆவது பாளையங்கோட்டை காலாட்படையும் இருந்துச்சு. ஒரே ஊரு, ஒருத்தர் பிரெஞ்சு மார்ஷல், இன்னொருத்தர் ஜெர்மன் ஜெனரல், நடுவுல நூறு வருஷம்.

இருபதாம் நூற்றாண்டு வந்தப்ப சண்டை கோட்டைக்காக இல்ல, கரிக்காக. முதல் போர்ல ஜெர்மன்காரங்க வட பிரான்ஸ் சுரங்கங்கள நாசம் பண்ணிட்டாங்க, அதுக்கு நஷ்ட ஈடா ஸார் சுரங்கங்கள பிரான்ஸுக்கு எழுதிக் கொடுத்து, ஆட்சிய 15 வருஷத்துக்கு ஜெனீவாவுல இருந்த சர்வதேச சங்கத்துகிட்ட கொடுத்துட்டாங்க. 1920ல இருந்து 1935 வரைக்கும் இது ஜெர்மனியும் இல்ல பிரான்ஸும் இல்ல. 1935 ஜனவரி 13 ஓட்டெடுப்புல 90 சதவீதத்துக்கு மேல ஜெர்மனின்னு குத்தினாங்க, அப்ப ஜெர்மனின்னா ஹிட்லர். தெரியாம போட்டாங்கன்னு சொல்லிட முடியாது, ஹிட்லர் வந்து ரெண்டு வருஷம் ஆயிடுச்சு, அங்கிருந்து தப்பிச்சு வந்தவங்களே ஸார்ல தங்கி எதிர் பிரசாரம் பண்ணிட்டு இருந்தாங்க. இருந்தும் அந்நிய ஆட்சி மேல இருந்த கடுப்பு ஜெயிச்சுடுச்சு. அடுத்த வருஷமே ஃப்ரௌலௌட்டர்ன் உட்பட சில ஊர்கள சேத்து, லூயிங்கிற பிரெஞ்சு பேர துடைச்சுட்டு ஸார்லௌட்டர்ன்னு வச்சாங்க நாஜிகள்.

1939 செப்டம்பர்ல எல்லையோர ஜனங்கள மொத்தமா காலி பண்ண வச்சாங்க. 1944 டிசம்பர் 3ஆம் தேதி அமெரிக்காவோட 95ஆவது டிவிஷன் ஆத்துப் பாலத்த உடையாம அப்படியே புடிச்சது, அப்புறம் அக்கரையில ஜெர்மன் காங்கிரீட் பதுங்கு அறைங்க மத்தியில வீட்டுக்கு வீடு சண்டை. ஊரு தரைமட்டம். பரேட் மைதானம் இன்னிக்கு பெரிய சந்தை சதுக்கம், அதுல நிக்கிற புனித லுட்விக் சர்ச்ச பாத்தீங்கன்னா ஆச்சரியமா இருக்கும், முகப்பு பழைய கோபுரம், பின்னாடி போனா கொட்ஃப்ரீட் போம் 1970ல முடிச்ச முரட்டு காங்கிரீட் உடம்பு, கல் முகத்துக்கு சிமெண்ட் முதுகு ஒட்டின மாதிரி. சிலருக்கு பிடிக்காது, எனக்கு படத்துல பாத்ததுமே பிடிச்சுப்போச்சு.

1945ல பேரு மறுபடி ஸார்லூயி ஆச்சு. ஊரு மட்டும் ஜெர்மனிக்கு போகல, ஸார் தனி அரசா பிரான்ஸோட பொருளாதாரத்துல ஒட்டிகிட்டு நின்னுச்சு. 1952 ஒலிம்பிக்ஸுக்கு தனி டீம். 1954 உலகக் கோப்பை கால்பந்து தகுதிச்சுத்துல ஸார்லாந்து மேற்கு ஜெர்மனிகூடவே ஆடி ரெண்டு மேட்ச்சும் தோத்துச்சு, ஜெயிச்சவங்க அந்த வருஷம் கோப்பையும் தூக்கிட்டாங்க. 1955 அக்டோபர் 23ல திரும்ப ஒரு ஓட்டு, ஐரோப்பிய அந்தஸ்தோட தனியா இருக்கலாமான்னு கேட்டதுக்கு 67.7 சதவீதம் வேணாம்னுட்டாங்க. 1957 ஜனவரி 1ல மேற்கு ஜெர்மனியோட சேந்தாச்சு, காசு மட்டும் 1959 ஜூலை வரைக்கும் ஃபிராங்க்தான்.

இத ஒரு ஆளோட வாழ்க்கையில வச்சுப் பாருங்க. 1900ல ஸார்லூயில பொறந்த ஒரு பாட்டிம்மா. சின்ன வயசுல மிட்டாய் வாங்கினது ஜெர்மன் மார்க்ல, கல்யாண சாமான் வாங்கினது பிரெஞ்சு ஃபிராங்க்ல, 1935ல இருந்து ரைக்ஸ்மார்க், 1947ல சில மாசம் மட்டும் ஸார் மார்க்குன்னு ஒண்ணு, அதே வருஷக் கடைசியில திரும்ப ஃபிராங்க், 59 வயசுல டாயிச் மார்க். சுருக்குப்பையில காசு அஞ்சு தடவ மாறியிருக்கு.

ஜெர்மனியோட சேந்த நேரம் பாத்து கரிக்கு மவுசு போச்சு. எண்ணெய் வந்துடுச்சு, வெளிநாட்டுக் கரி மலிவு, 1950கள் கடைசியில இருந்தே சுரங்கங்க ஒண்ணொண்ணா மூட ஆரம்பிச்சாங்க. ஆளு நெறைய, வேலை கம்மி. அந்தப்பக்கம் கொலோன்ல ஃபோர்டுக்கு ஆர்டர் குவியுது, ஆளு கிடைக்கல. ரெண்டும் பொருந்திப்போச்சு. 1966ல ரோடர்பெர்க்ல அடிக்கல், 1970ல ஆலை திறப்பு, எஸ்கார்ட் கார் ஓட ஆரம்பிச்சது. சுரங்கத்துல வேலை பாத்த ஆளுங்க, பாதி நாள் வயல் பாத்த ஆளுங்க, எல்லைக்கு அந்தப்பக்கம் லொரைன்ல இருந்து பிரெஞ்சுக்காரங்க, எல்லாரும் ஷிப்ட்டுக்கு வந்தாங்க. 1998ல இருந்து ஃபோக்கஸ். எனக்கு என்ன தோணுதுன்னா, பட்டாளம் போன இடத்துல ஃபோர்டு வந்து உக்காந்துச்சு, அவ்வளவுதான். ரெண்டுமே வெளியூர் முதலாளி, ரெண்டையும் நம்பித்தான் ரொட்டிக் கடைக்காரன்ல இருந்து வீட்டு வாடகை வரைக்கும் ஓடுச்சு, ரெண்டுமே கிளம்பணும்னு நினைச்சா ஊரால தடுக்க முடியாது.

2022ல அதுதான் நடந்துச்சு. எலக்ட்ரிக் கார் எங்க பண்றதுன்னு ஸ்பெயின்ல வாலென்சியா ஆலையையும் ஸார்லூயியையும் ஃபோர்டு மோத விட்டுச்சு, ரெண்டு பக்கமும் சம்பளத்துல எவ்வளவு விட்டுக் கொடுப்பீங்கன்னு ஏலம் மாதிரி. ஜூன் 22ல வாலென்சியான்னு அறிவிச்சாங்க. சுமார் 4,600 பேரு வேலை, கூட பக்கத்துல சப்ளையர் கம்பெனிகள்ல இருந்தவங்க வேற. சங்கம் போராடி நஷ்ட ஈடு ஒப்பந்தம் வாங்குச்சு, 2025 நவம்பர்ல கடைசி ஃபோக்கஸ் லைன்ல இருந்து இறங்குச்சு. இதுல கொடுமை என்னன்னா ஜெயிச்ச வாலென்சியாவுக்கும் அந்த எலக்ட்ரிக் கார் சொன்னபடி வரல. அதே 2022 ஜூலையிலதான் நம்ம மறைமலை நகர் ஃபோர்டு ஆலையிலயும் கடைசி கார் இறங்குச்சு, அதனால இந்த நியூஸ் செங்கல்பட்டு பக்கத்து ஆளுங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்ல.

சுரங்கம் அதுக்கும் முன்னாடியே முடிஞ்சது. 2008 பிப்ரவரில தோண்டின பள்ளத்தால ரிக்டர் 4.0 அளவுல நிலம் குலுங்கி ஸார்வெல்லிங்கன் சர்ச்சுல இருந்து கல்லு விழுந்துச்சு, ஜனங்க தெருவுக்கு வந்துட்டாங்க, 2012 ஜூன் 30ல என்ஸ்டோர்ஃப் சுரங்கத்த மூடியாச்சு, ஸார்ல அதுதான் கடைசி பெரிய சுரங்கம். சுரங்கக் கழிவு மண்ணு கொட்டி கொட்டி எழுந்த மலைக்கு அந்த பிரெஞ்சு இன்ஜினியர் துயமேல் பேருதான், மேல சுமார் 30 மீட்டர் உயரத்துக்கு ஒரு இரும்பு நினைவுச் சின்னம் வச்சிருக்காங்க.

பதிலுக்கு என்ன வந்துச்சுன்னு கேட்டா, அறிவிப்பு நெறைய வந்துச்சு. என்ஸ்டோர்ஃப்ல மூடின அனல் மின் நிலைய இடத்துல சிப் ஆலை வரும்னு 2023 பிப்ரவரில அமெரிக்க கம்பெனி வுல்ஃப்ஸ்பீட் சொன்னப்ப சான்சலர் ஷோல்ஸே வந்து நின்னாரு, 2024ல அந்த பிளான் கிடப்புக்கு போயிடுச்சு. உபர்ஹெர்ன்ல சீனக் கம்பெனியோட பேட்டரி ஆலை, அதுவும் கைவிட்டாச்சு. ஃபோர்டு இடத்துல இப்ப வெட்டர்னு ஒரு மருந்து நிரப்பும் கம்பெனி வரப்போகுது, தென் ஜெர்மனியில பெரிய குடும்பக் கம்பெனி, இதுல கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம்னு நினைக்கிறேன், ஆனா கார் லைன்ல கதவு மாட்டினவரு நாளைக்கே ஊசி மருந்து லைன்ல நிக்க முடியாது, ட்ரெய்னிங்கு வயசு எல்லாம் இருக்கு.

அசையாம நிக்கிறது டில்லிங்கன் ஆலை ஒண்ணுதான், அதுக்கும் கண்டம் வராம இல்ல. கரி போட்டு இரும்பு உருக்கினா கார்பன் வரி கட்டியே மாளாது, அதனால ஊது உலைய கழட்டிட்டு ஹைட்ரஜனுக்கும் மின்சார உலைக்கும் மாறணும், இதுக்கு 2.6 பில்லியன் யூரோ அரசு மானியத்துக்கு 2023 டிசம்பர்ல ஐரோப்பிய கமிஷன் ஓகே சொல்லிடுச்சு. ஹைட்ரஜன் எங்க இருந்து வரும்னு பாத்தா, எல்லைக்கு அந்தப்பக்கம் லொரைன்ல கார்லிங்னு ஒரு ஊரு, அங்க தயாரிச்சு ரெண்டு நாட்டுக்கும் பொதுவான பைப்லைன்ல அனுப்புறதா ஒப்பந்தம். பதினாலாம் லூயி கையெழுத்துப் போட்டு ஆரம்பிச்ச உலைக்கு, 340 வருஷம் கழிச்சு எரிபொருளும் பிரான்ஸ்ல இருந்தே வரப்போகுது.